1938ல ஒரு வாரம் ஷார்ட்வேவ் கேக்கணுமா? புதுசா இறங்குறவங்களுக்கு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி வீட்டு ரேடியோவுல ஷார்ட்வேவ் (தூர தேசத்து ஸ்டேஷனை எடுக்குற சிற்றலை) பக்கம் முள்ளைத் திருப்புனா ஒரு வாரத்துல என்னென்ன கேட்டிருக்கும், அதை அந்தந்த கிழமையில அந்தந்த நேரத்துல வச்சு நம்ம வீட்டுல ஒரு வாரம் கேட்டுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆரம்பிச்சு முடிக்க எட்டு மாசம் ஆச்சு, அதுல மூணு மாசம் சுத்தமா வீண். காரணம் ஒண்ணே ஒண்ணுதான், நான் ஆடியோ ஃபைலைத் தேடுறதுல ஆரம்பிச்சேன். நானூறுக்கு மேல ஃபைல் சேந்துச்சு, ஆனா ஒரு திங்கக்கிழமை சாயந்திரத்தை உருப்படியா அடுக்க முடியல. அன்னிக்கு அச்சடிச்ச நிகழ்ச்சிப் பட்டியலை முதல்ல கையில வச்சிட்டு, அதுக்கு அப்புறம் ஆடியோ தேடுனா ஆறு வாரத்துல முடிஞ்சிரும். நீங்களாவது இந்த வரிசையில போங்க.

1. முதல்ல ஊரையும் வாரத்தையும் முடிவு பண்ணுங்க

"1930கள்"னு பொதுவா வச்சுக்கிட்டா எதுவுமே நடக்காது. ஷார்ட்வேவ்ல கேக்குற ஆள் எந்த ஊர்ல உக்காந்திருக்கான்றதை வச்சுதான் எல்லாமே மாறும், ஏன்னா ஒரே லண்டன் ஸ்டேஷன் ஒரு நேரத்துல இந்தியாவுக்கும் இன்னொரு நேரத்துல கனடாவுக்கும் ஏரியலைத் திருப்பி வேற அலைவரிசையில பேசும்.

நான் எடுத்தது 1938 பிப்ரவரி 6 ஞாயிறுல இருந்து 12 சனி வரை, கேக்குற இடம் அமெரிக்காவோட வாஷிங்டன். முதல் காரணம், அங்க உள்ள பட்டியல்கள்தான் இலவசமா, முழுசா கிடைக்குது. அடுத்து, அது குளிர்காலம், லண்டன்லயோ அமெரிக்காவுலயோ கோடைகாலத்துக்காக கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிற குழப்பம் இல்ல. அப்புறம் 1937லதான் சூரியப் புள்ளிகள் உச்சத்துல இருந்துச்சு, அதனால 16 மீட்டர், 19 மீட்டர் பேண்டெல்லாம் (ஷார்ட்வேவ்ல ஒரு பகுதி) பகல்ல நல்லா எடுத்த காலம் அது, தூர தேசத்து ஸ்டேஷன் நிறைய கிடைக்கும்.

பொதுவா எல்லாரும் ஆசைப்படுறது 1932 டிசம்பர் கடைசி வாரம். பிபிசி வெளிநாட்டுக்குன்னு நடத்துன எம்பயர் சர்வீஸ் இங்கிலாந்தோட டாவென்ட்ரியில இருந்து டிசம்பர் 19ல ஆரம்பிச்சு, 25ம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் ராஜா பேசுனது அப்பதான். ஆனா ஒரு வாரத்தை நிரப்ப அது பத்தாது. ஆரம்பத்துல நிகழ்ச்சிக்குன்னு அவங்க ஒதுக்குனது வாரத்துக்கு பத்து பவுண்டுதான், முதல் நாள்லயே பிபிசி தலைவர் ரெய்த், நிகழ்ச்சிங்க ரொம்ப சுவாரசியமாவும் இருக்காது, ரொம்ப நல்லாவும் இருக்காதுன்னு மைக்லயே சொல்லிட்டார்.

நம்ம ஊர் வாரம்தான் வேணும்னா 1938 ஜூன் 16க்கு அப்புறம் எடுங்க. அன்னிக்குதான் ஆல் இந்தியா ரேடியோ மதராஸ் நிலையம் ஆரம்பிச்சது, வியூஎம்2ங்கிற அழைப்பெழுத்துல (ஸ்டேஷனோட அடையாளப் பேரு) 60.98 மீட்டர் அலைநீளத்துல வந்துச்சு. அதுக்கு தேட வேண்டியது "தி இந்தியன் லிசனர்" இதழ், இன்டர்நெட் ஆர்க்கைவ்ல நிறைய இதழ் ஸ்கேன் பண்ணி இருக்கு.

2. பட்டியல்களை சேருங்க (செலவு: பிரிண்ட் எடுக்குற காசு மட்டும், நேரம்: இரண்டு வாரம்)

உங்களுக்கு வேண்டியது இரண்டு வகைத் தாள்.

ஒண்ணு, அந்த ஊர் நாளிதழோட ரேடியோ பக்கம். வாஷிங்டன் "ஈவ்னிங் ஸ்டார்" பத்திரிகை லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட க்ரானிக்ளிங் அமெரிக்கா தொகுப்புல இலவசமா கிடைக்குது. அதோட ரேடியோ பக்கத்துல உள்ளூர் ஸ்டேஷன் கட்டத்துக்குப் பக்கத்துல ஷார்ட்வேவ் நிகழ்ச்சிகள்னு சின்னதா ஒரு பத்தி இருக்கும், ஊர் பேரு, நேரம், நிகழ்ச்சி, அழைப்பெழுத்து, மீட்டர், மெகாசைக்கிள் (இப்போ மெகாஹெர்ட்ஸ்)னு ஒரே வரியில வந்துரும். இந்த ஏழெட்டு வரிதான் உங்க வாரத்தோட முதுகெலும்பு. எழுத்து ரொம்பப் பொடி, தேடல் பெட்டியில அடிச்சா மாட்டாது, பக்கம் பக்கமாத் திருப்பித்தான் பாக்கணும். ஏழு நாளுக்கு ஏழு இதழ், ஒரு நாள் சாயந்திரம் உக்காந்தா முடிஞ்சிரும்.

இரண்டாவது, மாசப் பத்திரிகைகள்ல வர்ற ஸ்டேஷன் பட்டியல். "ரேடியோ நியூஸ்", "ஷார்ட்வேவ் அண்ட் டெலிவிஷன்", "ரேடெக்ஸ்" மூணும் வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரிங்கிற தளத்துல இலவச பிடிஎஃப்பா இருக்கு.

நான் இங்க இரண்டு இடத்துல ஏமாந்தேன். பிப்ரவரி இதழ்ல இருக்கிறது பிப்ரவரி நிலவரம்னு நம்புனேன். மாசப் பத்திரிகை அச்சுக்குப் போறது பல வாரம் முன்னாடி, அதுல இருக்கிறது டிசம்பர் நிலவரம். பிப்ரவரிக்கு மார்ச், ஏப்ரல் இதழைப் பாருங்க. இன்னொண்ணு, பிபிசி ஜீனோம்ங்கிற தளத்துல "ரேடியோ டைம்ஸ்" இதழோட பட்டியல் எல்லாம் இருக்கே, லண்டன் கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன். அது இங்கிலாந்து உள்நாட்டு நிகழ்ச்சி. எம்பயர் சர்வீஸ் பட்டியல் தனியா அச்சாகி வெளிநாட்டுக்குப் போச்சு. ஜீனோமைத் துணைக்கு வச்சுக்கலாம், ஏன்னா உள்நாட்டு நிகழ்ச்சி சிலதை ஷார்ட்வேவ்லயும் எடுத்து விட்டாங்க, ஆனா அதை மட்டும் வச்சு அடுக்காதீங்க.

பெர்லின் மாதிரி ஸ்டேஷனுங்க கேட்டவங்களுக்கெல்லாம் இலவசமா அச்சடிச்ச நிகழ்ச்சித் தாள் அனுப்புனாங்க. இன்னிக்கு அது ஏலத் தளங்கள்ல நல்ல விலைக்கு வருது. ஆரம்பிக்கும்போதே அதை வாங்காதீங்க, நாளிதழ்லயே போதுமான தகவல் இருக்கு.

3. நேரத்தை மாத்துறது

இதுல தப்புப் பண்ணா வாரமே சரிஞ்சிரும். வாஷிங்டன் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி நேரம் பின்னால. அப்போ ஞாயிறு ராத்திரி 9 மணின்னா லண்டன்ல திங்கள் விடிகாலை 2 மணி. லண்டன் தாள்ல "திங்கள்"னு இருக்கும், வாஷிங்டன் தாள்ல "ஞாயிறு"ன்னு இருக்கும், இரண்டும் ஒரே நிகழ்ச்சி. நான் இதை இரண்டு நிகழ்ச்சியா எழுதி வச்சு ஒரு வாரம் குழம்பினேன்.

பெர்லினும் ரோமும் கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால. ஹாலந்து மட்டும் வேற மாதிரி, அந்தக் காலத்துல அவங்க கடிகாரம் கிரீன்விச்சை விட வெறும் 20 நிமிஷம்தான் முன்னால ஓடுச்சு, இப்போ மாதிரி ஒரு மணி நேரம்னு போட்டா 40 நிமிஷம் தப்பாகும். நம்ம ஊர் வாரம் எடுக்கிறவங்க இன்னொண்ணு கவனிங்க, கல்கத்தாவும் பம்பாயும் அப்போ தனிக் கடிகாரம் வச்சிருந்தாங்க, கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும். தாள்ல எந்த நேரம் போட்டிருக்குன்னு பாத்துட்டுத்தான் எழுதணும்.

சரி, இப்போ உங்க வீட்டுல எந்த நேரத்துக்குப் போடப் போறீங்க? நான் முதல்ல கணக்குப்படி சரியா இருக்கணும்னு வாஷிங்டன் ராத்திரி 7 மணியை நம்ம விடிகாலை 5.30க்குப் போட்டேன். இரண்டு நாள்ல உடம்பும் கெட்டுச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடும்பமா உக்காந்து கேட்ட அந்த உணர்வும் வரல. கடிகாரத்தை அப்படியே வச்சுக்கோங்க, அங்க 7 மணின்னா நம்ம வீட்டுலயும் 7 மணி.

4. மீட்டர், கிலோசைக்கிள், அழைப்பெழுத்து

ஒரு தாள்ல மீட்டர் இருக்கும், இன்னொண்ணுல கிலோசைக்கிள் (இப்போ கிலோஹெர்ட்ஸ்) இருக்கும். 3,00,000ஐ கையில இருக்கிற எண்ணால வகுத்தா இன்னொரு எண் வந்துரும். டாவென்ட்ரி ஜிஎஸ்பி 9510 கிலோசைக்கிள், வகுத்தா 31.55 மீட்டர். தாள்ல உள்ள இரண்டு எண்ணும் ஒத்துப் போகலைன்னா அச்சுப்பிழை இருக்குன்னு அர்த்தம், வேற தாளைப் பாருங்க.

அழைப்பெழுத்தைத் தமிழ்ல டைப் பண்ணி வச்சுக்காதீங்க. டாவென்ட்ரியோட 11.75 மெகாசைக்கிள் ஸ்டேஷன் பேரு GSD, ஆனா தமிழ்ல அடிச்சா "ஜிஎஸ்டி"ன்னு வந்து வரி சம்பந்தமான பக்கமாக் கொட்டும். அப்புறம் அமெரிக்க ஷார்ட்வேவ் ஸ்டேஷனுங்க 1939ல பேரை மாத்துனாங்க, ஜெனரல் எலக்ட்ரிக்கோட டபிள்யூ2எக்ஸ்ஏஎஃப்தான் டபிள்யூஜிஈஓ ஆச்சு. 1938 வாரத்துக்கு நடுவுல எக்ஸ் இருக்கிற பழைய பேருதான் வரணும், புதுப் பேரு போட்ட பட்டியல் கிடைச்சா அது உங்க வாரத்துக்கு உதவாது.

5. இப்பதான் ஆடியோ

இதைத் தெளிவாத் தெரிஞ்சுக்கோங்க, அன்னிக்கு ஷார்ட்வேவ்ல போனதுல பெரும்பகுதி பதிவே ஆகல. பிபிசி எம்பயர் சர்வீஸ் இரும்பு நாடாவுல பதிஞ்சு வேற வேற நாட்டுக்கு வேற வேற நேரத்துல திருப்பிப் போட்டுச்சு, ஆனா அந்த நாடாவை அழிச்சு மறுபடி பயன்படுத்தலாம். அதிகமாத் தப்பிச்சது அமெரிக்க நெட்வொர்க் நிகழ்ச்சிங்கதான், பெரிய தட்டுகள்ல வெட்டி வச்சதால. அதே நிகழ்ச்சிகளைத்தான் அமெரிக்க ஷார்ட்வேவ் ஸ்டேஷனுங்க தென் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எடுத்து விட்டாங்க.

பட்டியலை மூணு நிறமாப் பிரிங்க. அதே நாள் பதிவு கிடைச்சா பச்சை. அதே நிகழ்ச்சி, வேற தேதின்னா மஞ்சள். எதுவுமே இல்லைன்னா சிவப்பு. என் வாரத்துல பச்சை ரொம்பக் கொஞ்சம், மஞ்சள் ஓரளவு, மீதி எல்லாம் சிவப்பு. சிவப்புக்கு அந்த நாட்டோட அந்த வருஷத்து 78 ஆர்பிஎம் தட்டு இசையை வச்சேன், பெர்லின் சேம்பர் இசைன்னு (சின்னக் குழு வாசிக்கிற இசை) தாள்ல இருந்தா 1938க்கு முன்னாடி ஜெர்மனியில பதிஞ்ச சேம்பர் இசை. ஆனா நோட்டுல "இது மாற்று"ன்னு கண்டிப்பா எழுதி வைங்க, இல்லைன்னா ஒரு வருஷம் கழிச்சு உங்களுக்கே எது நிஜம்னு தெரியாது.

ஃபைல் பேர்ல இருக்கிற தேதியை நம்பாதீங்க. கிழமையை வச்சு சோதிங்க, அதுதான் சுலபம். ஜாக் பென்னி ஞாயிறு 7 மணி, லக்ஸ் ரேடியோ தியேட்டர் திங்கள் 9 மணி, ஃப்ரெட் ஆலன் புதன் 9 மணி, பிங் கிராஸ்பியோட கிராஃப்ட் மியூசிக் ஹால் வியாழன் 10 மணி. கிராஃப்ட் மியூசிக் ஹால்னு பேரு போட்டு தேதி ஒரு செவ்வாய்ல விழுந்தா, அந்தத் தேதி தப்பு.

ஒரு முழு நாள் எப்படி ஓடுச்சுன்னு காதுல ஏத்திக்கணும்னா, வாஷிங்டன் டபிள்யூஜேஎஸ்வி ஸ்டேஷனோட 1939 செப்டம்பர் 21 வியாழக்கிழமை ஒலிபரப்பு காலையில இருந்து நள்ளிரவு தாண்டி வரைக்கும் முழுசாப் பதிவாகி இருக்கு. அதை முதல்ல கேளுங்க. ஆனா அது மீடியம் வேவ் (உள்ளூர்க்காரங்க கேக்குற மத்திய அலை) ஸ்டேஷன், தேதியும் ஐரோப்பாவுல போர் ஆரம்பிச்ச பிறகு. அதை வெட்டி 1938 வாரத்துக்குள்ள ஒட்டாதீங்க, பழகிக்க மட்டும் வச்சுக்கோங்க.

காப்புரிமை: வீட்டுல கேக்குறதுக்கு ஒரு தொல்லையும் இல்ல. யூடியூப்ல போடலாம்னு நினைச்சா நில்லுங்க. இந்தியச் சட்டத்துல ஒலிப்பதிவுக்கு 60 வருஷம், 1938 தட்டுக்கு அது எப்பவோ முடிஞ்சது. அமெரிக்காவுல 1938ல வெளியான தட்டுக்கு 2038 கடைசி வரைக்கும் பாதுகாப்பு இருக்கு. நான் சேத்த ஒரு மணி நேர வீடியோவை ஏத்துன அன்னிக்கே முடக்கிட்டாங்க.

6. எதுல கேக்குறது

லேப்டாப்லயே கேக்கலாம், ஆனா வால்வு ரேடியோ ஸ்பீக்கர்ல கேட்டா அது வேற அனுபவம். போருக்கு முந்தின செட் நம்ம ஊர்ல கிடைக்கிறது கஷ்டம், 1950கள்ல வந்த பிலிப்ஸ், மர்பி செட் போதும். பின்பக்கம் கிராமபோன் பிக்கப் சொருகுற இரண்டு ஓட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க. அது இருந்தா போன்ல இருந்து ஒயர் வழியா நேரா கொடுத்துரலாம். குட்டி ஏஎம் டிரான்ஸ்மிட்டர் கட்டி வீட்டுக்குள்ள ஒலிபரப்பலாம்னு வீடியோவுல சொல்லுவாங்க, வேண்டாம், இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட்டர் வச்சிருந்தாலே சட்டப்படி குத்தம்.

உயிர் போற விஷயம் ஒண்ணு. பழைய ஏசி/டிசி செட்டுங்கள்ல சேஸிஸ்லயே (உள்ள இருக்கிற உலோகச் சட்டம்) கரண்ட் இருக்கும். அதுல உங்க போனை நேரா சொருகுனா போனும் போகும், கையில பிடிச்சிருக்கிற ஆளும் போகலாம். வீட்டுக் கரண்ட்டுல இருந்து செட்டைப் பிரிச்சு வைக்கிற ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம தொடவே தொடாதீங்க. வாங்குன உடனே பிளக்ல மாட்டிப் பாக்குறதும் வேண்டாம், பழைய பேப்பர் கண்டென்சர் எல்லாம் லீக் ஆகிப் போயிருக்கும், அதை மாத்திட்டு முதல் தடவை சீரிஸ் பல்பு (கரண்ட் அதிகமாப் போகாம தடுக்க நடுவுல மாட்டுற பல்பு) போட்டு ஏத்தணும். வால்வு வேலை தெரிஞ்ச மெக்கானிக் கிட்டயே கொடுத்துருங்க. நான் முதல்ல கொடுத்த கடையில தெரியும்னு சொல்லி வாங்கிட்டு, நாலு வாரம் வச்சிருந்துட்டு, உள்ள டிரான்சிஸ்டர் போர்டு ஒண்ணை வச்சுக் கொடுத்துட்டாங்க. வால்வு ஒண்ணும் சூடாவே இல்ல, டயல் பல்பு மட்டும் எரிஞ்சுது. கொடுக்கும் முன்னாடி செட்டோட உள்பக்கத்தை நாலு போட்டோ எடுத்து வைங்க.

எனக்கு ஆன செலவு: செட் 6,500, கண்டென்சர் மத்த சாமான் 900 (ரிச்சி ஸ்ட்ரீட்), டிரான்ஸ்ஃபார்மர் 2,200, கூலி 2,500. மொத்தம் 12,100 ரூபாய். முதல் கடையில விட்டது இதுல சேரல. போன்ல ஸ்டீரியோ வருது, ரேடியோவுக்கு மோனோ, இரண்டு ஒயரையும் நேரா முறுக்காம ஆளுக்கொரு ரெசிஸ்டர் போட்டுச் சேக்கச் சொல்லுங்க.

7. வாரத்தை ஓட்டுறது

ஞாயிறுதான் பண்டிகை. சிட்னி விகே2எம்ஈ ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன், குக்கபரா பறவை சிரிக்கிற சத்தம்தான் அதோட அடையாளம், விடிகாலையில அதை வச்சுத் தொடங்குங்க, வீட்டுல குழந்தைங்க எந்திரிச்சு ஓடி வரும். ஹாலந்து பிசிஜேல எடி ஸ்டார்ட்ஸ் நடத்துன "ஹேப்பி ஸ்டேஷன்" ஞாயிறு நிகழ்ச்சி, 1928ல இருந்து பல மொழியில மாத்தி மாத்திப் பேசி பாட்டு போட்டவர். புடாபெஸ்ட்டும் ஞாயிறுல வரும். ராத்திரி 8 மணிக்கு எட்கர் பெர்கனோட பொம்மை சார்லி மெக்கார்த்தி பேசுற நேரம், அமெரிக்காவுல வீட்டுல எல்லாரும் மீடியம் வேவுக்குப் போயிருப்பாங்க, ஷார்ட்வேவ் ஆசைக்காரன் அப்போ முள்ளை விட்டுக் கொடுத்துத்தான் ஆகணும். நீங்களும் அப்படியே பண்ணுங்க, அதுதான் நிஜமான வாரம்.

திங்கள், புதன், வெள்ளி சாயந்திரம் ரோம் 2ஆர்ஓவைத் தேடுங்க, அமெரிக்காவுக்குன்னே தனி நேரம் வச்சிருந்தாங்க, பறவை கூவுற மாதிரி இடைவேளை ஒலி. செவ்வாய், வியாழன் எனக்கு கொஞ்சம் வறட்சிதான், பெர்லின் டிஜேடி, லண்டன் பிக் பென் மணி, நடுநடுவுல கராகஸ், ஹவானா பக்கத்து ஸ்டேஷனுங்க. கோஸ்டாரிகாவுல ஒருத்தர் 1928ல வெறும் 7.5 வாட்ல ஆரம்பிச்ச டிஐ4என்ஆர்எச் ஸ்டேஷனை உலகம் பூரா தேடிக் கேட்டாங்க, பட்டியல்ல அந்தப் பேரைப் பாத்தா தாண்டிப் போகாதீங்க. சனிக்கிழமைக்கு பகல்ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா, ராத்திரி 10 மணிக்கு என்பிசி சிம்பொனி, இசைக்குழு நடத்துனர் டோஸ்கனினி அதை நடத்த வந்த முதல் சீசன் அது, 1937 கிறிஸ்துமஸ் அன்னிக்குதான் அவர் முதல் கச்சேரி.

பெர்லின் பத்தி ஒண்ணு சொல்லணும். அவங்க இசை அருமையா இருக்கும், அறிவிப்பாளர் அன்பாப் பேசுவார், நேயர் பேரைச் சொல்லி வணக்கம் வைப்பாங்க. இந்த வாரத்துக்கு இரண்டு நாள் முன்னாடி, பிப்ரவரி 4லதான் ஹிட்லர் ராணுவத்தைத் தன் நேரடிக் கையில எடுத்தான், அடுத்த மாசம் ஆஸ்திரியாவுக்குள்ள படை போச்சு. அந்த இனிமையான இசை எதுக்காகப் போட்டாங்கன்னு தெரியாம கேக்கக் கூடாது. அதனால நான் ஒவ்வொரு நாளும் ரேடியோ பக்கத்தோட அதே இதழோட முதல் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து மேசையில வச்சேன். குழந்தைங்களோட கேக்குறதா இருந்தா இதைச் செய்யாம பெர்லினைப் போடாதீங்க.

செயற்கையா கரகரப்பு சேக்குறது பத்தி கேப்பீங்க. ஆடியோ சாஃப்ட்வேர்ல மேல் கீழ் ஒலியை வெட்டி 100ல இருந்து 4000 ஹெர்ட்ஸ் வரை விட்டாப் போதும். ஒரு ஸ்டேஷன்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகும்போது நடுவுல ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல் விடுங்க, முள்ளைத் திருப்புற நேரம் அது. அதுக்கு மேல வேண்டாம், இரண்டாம் நாளே வீட்டுல தலைவலின்னு சொல்லி அணைச்சிருவாங்க.

8. நோட்டு

கேக்கும்போதே தேதி, நேரம், அலைவரிசை, அழைப்பெழுத்து, என்ன கேட்டுச்சு, பச்சையா மஞ்சளா சிவப்பான்னு எழுதுங்க. அன்னிக்கு ஆளுங்களும் இப்படித்தான் எழுதி, பதில் தபால் செலவுக்கு சர்வதேச பதில் கூப்பன் ஒண்ணு வச்சு ஸ்டேஷனுக்கு அனுப்பி, "ஆமா, நீ கேட்டது எங்களைத்தான்"னு உறுதி அட்டை வாங்குனாங்க. அந்தப் பழைய அட்டைகளை வாங்க ஆசை இருந்தா முன்பக்கப் படத்தைப் பாத்து மயங்காதீங்க, பின்பக்கம் தபால் முத்திரைத் தேதியும் கையால எழுதுன அலைவரிசையும் இருக்கான்னு பாருங்க, பின்பக்கப் படம் அனுப்ப மறுத்தா வாங்க வேண்டாம். நான் இதுவரைக்கும் ஒண்ணுதான் வாங்கியிருக்கேன், சிட்னியோடது, ரேடியோவுக்கு மேல சாத்தி வச்சிருக்கேன்.